கண்ணாடிக்கு முன்னால் மரம்: சத்துவாச்சாரி பூஜை அறைப் பலகை ஒன்றின் ஆய்வு

வேலூர் சத்துவாச்சாரியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுப் பூஜை அறை. சாமி படங்களுக்குப் பின்னால் மூன்றடி உயரம், இரண்டடி அகலத்தில் ஒரு பலகை. ஸ்க்ரோல் சாவில் (மெல்லிய வாளால் வளைவுகளை அறுக்கும் இயந்திரம்) அறுத்த இரண்டு மயில்கள், நடுவில் குத்துவிளக்கு, சுற்றிலும் கொடி. பலகைக்குப் பின்னால் முழு அளவில் முகம் பார்க்கும் கண்ணாடி. அறுத்தெடுத்த இடைவெளிகள் வழியாகக் கண்ணாடி தெரிய வேண்டும், மாலையில் விளக்கேற்றினால் அந்த வெளிச்சம் கொடிக்குள் எல்லாம் மின்ன வேண்டும் என்பது வீட்டம்மாவின் ஆசை. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் செய்து வாங்கி, வீட்டிலேயே வைத்துக் கண்ணாடியை ஒட்டி மாட்டியிருக்கிறார்கள். இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் அது சரிசெய்ய வேண்டி என்னிடம் வந்தது.

குறைகள் நான்கு. கண்ணாடியில் வளைந்து வளைந்து ஓடும் கறுப்புத் தடங்கள். கீழ் விளிம்பிலிருந்து மேலே ஏறும் ஒரு விரிசல். கொடி வேலை மங்கி, இரட்டை இரட்டையாகத் தெரிவது. ஹாலில் டியூப் லைட் போட்டால் கும்பிட நிற்பவருக்குக் கண் கூசுவது. முதல் இரண்டும் போகப்போக வந்தவை. மற்ற இரண்டும் மாட்டிய நாள் முதலே இருந்தவை.

அம்மாவுக்கு விரிசல்தான் பெரிய விஷயம். "உடைஞ்ச கண்ணாடிய சாமி ரூம்ல வெச்சிருக்கக் கூடாது தம்பி, மனசு கேக்கல" என்றார். ஆசிரியருக்கு உறுத்தியது மூன்றாவது குறை. "காகிதத்துல வரைஞ்சு காட்டுனப்போ அவ்வளவு அழகா இருந்துச்சு. கண்ணாடி வெச்சதும் ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டார். இந்த ஆய்வில் அந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கறுப்பும் விரிசலும் வராமல் தடுக்க வழி தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். மரத்துக்குப் பின்னால் கண்ணாடி வந்ததும் மர வேலையே மாறிவிடுகிறது என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

கழற்றிப் பார்த்தபோது

பலகை 6 மி.மீ. பிளைவுட், மேலே தேக்கு வெனீர், அதாவது மெல்லிய தேக்கு ஏடு. கண்ணாடி 4 மி.மீ. அதன் பின்னால் இன்னொரு பிளைவுட் தகடு, இரண்டையும் சிலிக்கான் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். கண்ணாடியின் முன்பக்கம் கறுப்புத் தடம் ஓடிய பாதையும், பின்பக்கம் சிலிக்கான் பிழிந்த பாதையும் அச்சு அசலாக ஒன்றே. மாட்டிய அன்று வாசனை ஏதாவது வந்ததா என்று கேட்டேன். "ஊறுகா ஜாடி தெறந்த மாதிரி புளிப்பு வாசனை, ரெண்டு நாளு போகல" என்றார் அம்மா.

அந்த வாசனைதான் அசிட்டிக் அமிலம். சாதாரண சிலிக்கான் பலவும் இறுகும்போது இந்த அமிலத்தை வெளியே விடும். முகம் பார்க்கும் கண்ணாடியில் வேலை செய்வது பின்னால் உள்ள வெள்ளிப் பூச்சு. அதன் கனம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. அதற்குக் காப்பாகச் செம்போ வேறு பூச்சோ, அதற்கும் மேல் பெயின்ட். பெயின்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே அடைபட்ட அமில ஆவி அந்த வழியாகப் புகுந்து பூச்சை அரித்துவிடும். கண்ணாடிக்கு ஒத்துவரும் சிலிக்கான் நியூட்ரல் வகை; டியூபிலேயே போட்டிருக்கும், புளிப்பு வாசனை வராது. மர வேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை இங்கே உதவாது. அது ஈரத்தை மரம் உறிஞ்சினால்தான் காயும். கண்ணாடியின் பெயின்ட் ஈரத்தை உறிஞ்சாது.

கீழ் விளிம்பில் கறுப்பு தனியாகவும் இருந்தது. அதற்குக் காரணம் சிலிக்கான் இல்லை. கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராகப் பலகை மேல் அடித்துத் துடைத்திருக்கிறார்கள். திரவம் வழிந்து கீழே தேங்கி, விளிம்பு வழியாகப் பூச்சுக்குள் ஏறியிருக்கிறது. அம்மோனியா கலந்த திரவமாக இருந்தால் சேதம் இன்னும் சீக்கிரம் வரும். அறுத்த விளிம்புக்கு எந்தப் பூச்சும் கொடுக்காமல் விட்டிருந்ததால் தடுக்க ஒன்றுமில்லை.

விரிசலைப் பற்றி எனக்கு ஓர் ஊகம் இருந்தது. லாங்கு பஜார் பக்கம் கண்ணாடி அறுக்கும் பாயிடம் துண்டைக் காட்டியதும் அவர் விளிம்பைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். "ஓரத்துல மூக்கு உடைஞ்சிருக்கு பாருங்கண்ணா, அங்கேருந்துதான் கோடு கெளம்பியிருக்கு." கீழே கண்ணாடி நின்றது இரண்டு ஸ்குரூத் தலைகள் மேல். அதில் ஒன்று பட்ட இடத்தில்தான் அந்தச் சில்லு. கோடு விளிம்புக்குச் செங்குத்தாகக் கிளம்பிக் கொஞ்ச தூரம் நேராக வந்து, பிறகு வளைந்து போகிறது. அடிபட்டு உடைந்திருந்தால் ஒரு புள்ளியிலிருந்து பல கோடுகள் சிதறும். ஒற்றைக் கோடாக விளிம்பிலிருந்து செங்குத்தாகக் கிளம்புவது வெப்பத்தால் வரும் விரிசலின் அடையாளம்.

வெப்பம் எங்கிருந்து என்று தேடவே வேண்டியதில்லை. காமாட்சி விளக்கு பலகையிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி எரிந்துகொண்டிருந்தது. சுடருக்கு மேலே உள்ள பகுதி சூடேறும். விளிம்போ மரக் காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், குளிர்ச்சியாக இருக்கும். சூடான பகுதி விரியப் பார்க்கும், குளிர்ந்த விளிம்பு விடாது. சாதாரணக் கண்ணாடி ஒரே தகட்டுக்குள் சுமார் 40 டிகிரி வேறுபாடு வரை தாங்கும் என்பது பொதுக் கணக்கு. விளிம்பில் சில்லு இருந்தால் அந்த அளவும் தாங்காது. சுற்றிலும் இடைவெளி விடாமல் கண்ணாடியை இறுக்கிச் செருகியதும் சேர்ந்துகொண்டது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், எந்தக் கண்ணாடிக்கும் நாலு பக்கமும் 2, 3 மி.மீ. இடம் விட்டாக வேண்டும்.

இரட்டையாகத் தெரிந்தது ஏன்

கண்ணாடியின் மேல் ஒரு பேனா முனையை வைத்துப் பாருங்கள். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். பூச்சு கண்ணாடியின் பின்னால் இருப்பதால் வரும் இடைவெளி அது. ஆறன்முளைக் கண்ணாடியில் அந்த இடைவெளி இருக்காது. அது உலோகம், முன்முகமே பிம்பம் காட்டும்.

இப்போது பேனாவுக்குப் பதில் பலகை. கொடியின் இடைவெளி வழியாகச் சாய்வாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது பலகையின் பின்பக்கம். அதோடு, அறுத்த இடத்தின் உட்சுவர். இந்தப் பலகையின் பின்பக்கம் பாலிஷ் இல்லாத வெளிர் பிளைவுட். அறுக்கும்போது வாள் கீழே கிளப்பிய பிசிறு அப்படியே இருந்தது. பென்சில் கோடு, வழிந்த பசை, பிளைவுட் அடுக்கில் இருந்த ஓட்டை, எல்லாம் இருந்தன. முன்னால் தேக்கு நிறக் கொடி, அதை ஒட்டிக் கண்ணாடிக்குள் வெளிர் நிறத்தில் இன்னொரு கொடி. ஆசிரியர் பார்த்த இரட்டை அதுதான். சாதாரணமாகச் சுவரில் மாட்டும் வேலையில் பின்பக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். கண்ணாடி வைத்த வேலைக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. இந்த ஆய்வில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வதானால் இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

மங்கலுக்குக் காரணம் வேறு. அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும், ஆனால் எளிது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5. அதனால் 4 மி.மீ. கண்ணாடியின் ஆழம் நம் கண்ணுக்கு 2.7 மி.மீ. ஆகத் தெரியும். பலகையின் கனம் 6 மி.மீ. சேர்த்தால் 8.7. பார்வை உள்ளே போய்த் திரும்பி வர இதன் இருமடங்கு, 17.4 மி.மீ. கொடியின் இடைவெளிகளில் பாதிக்கு மேல் 3 மி.மீ. அகலம்தான். அதற்குள் நுழைந்த பார்வை அதே இடைவெளி வழியாக வெளியே வர வேண்டுமானால், பலகைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 10 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. அதைத் தாண்டினால் மரத்தின் முதுகுதான் தெரியும், வெளிச்சம் தெரியாது. பக்கத்து இடைவெளி வழியாகச் சில கதிர்கள் தப்பி வரும். அதை நம்பி வேலை செய்ய முடியாது.

பூஜை அறையில் நிற்பவர் பலகையிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நின்றாலும், பக்கவாட்டு ஓரங்கள் அவர் கண்ணுக்கு 18 டிகிரி சாய்வில் இருக்கும். மேல் கீழ் ஓரங்கள் 26 டிகிரிக்கு மேல். ஆக, ஓரத்துக் கொடி மின்ன வழியே இல்லை. நடுவில் உள்ள விளக்கு மட்டும் மின்னும். வீட்டில் பார்த்தபோது அப்படியேதான் இருந்தது.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்த்துத்தான் இப்படி நெருக்கமான வேலை கேட்டதாக ஆசிரியர் சொன்னார். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் யாளியும் குதிரையும் உயிரோடு நிற்பது நிழலால். சிற்பி ஆழம் வெட்டுகிறார், வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுகிறது, மீதியை நிழல் செய்கிறது. கண்ணாடி வைத்த பலகையில் வெளிச்சம் பின்னாலிருந்தும் வருகிறது, நிழல் அழிந்துவிடுகிறது. இங்கே மரம் இருட்டு, இடைவெளி வெளிச்சம், அவ்வளவுதான். கோட்டின் தடிமனும் இடைவெளியின் அகலமும் மட்டுமே பேசும். கல் வேலையின் நெருக்கத்தை அப்படியே இதற்குள் கொண்டுவர முடியாது.

கண் கூசியதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பலகைக்கு எதிரே வாசல், வாசலுக்கு அப்பால் ஹால், ஹாலின் சுவரில் உயரத்தில் டியூப் லைட். கண்ணாடி எதிரே இருப்பதைக் காட்டியது. வேலை தொடங்கும் முன் யாராவது அந்த இடத்தில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும்.

மறுபடி செய்தது

முதலில் அதைத்தான் செய்தோம். ஓரத்தைத் தேய்த்த ஒரு சிறு கண்ணாடியை எடுத்துப் போய், விளக்கேற்றும் நேரத்தில் அதே இடத்தில் சாய்த்து வைத்தேன். மேலே கறுப்புச் சார்ட்டில் வெட்டிய கொடித் துண்டுகளை ஒட்டி, 3 மி.மீ., 6 மி.மீ., 10 மி.மீ. என்று இடைவெளிகளை மாற்றிக் காட்டினேன். கொடியைக் குறைக்க மனமில்லாமல் இருந்த ஆசிரியர், நின்றும் உட்கார்ந்தும் பார்த்துவிட்டு, "சரி, இலையைப் பாதியாக்கிடு" என்றார். வாயால் எவ்வளவு சொன்னாலும் வராத முடிவு அது.

புதிய பலகை 4 மி.மீ. பிளைவுட், கண்ணாடி 3 மி.மீ. இப்போது கண் உணரும் ஆழம் மொத்தம் 6 மி.மீ. இடைவெளி எதுவும் 6 மி.மீ. க்குக் கீழே போகாமல் வரைந்தோம். போய்த் திரும்பும் 12 மி.மீ. கணக்கில் இது 26 டிகிரி வரை மின்னும். மூன்றடி தள்ளி நடுவில் நிற்பவருக்குப் பக்க ஓரங்கள் தாராளமாக அதற்குள் வந்துவிடுகின்றன. மேல் ஓரத்தில் இருந்த இலைகளுக்கு மட்டும் 8 மி.மீ. கொடுத்தேன். கண்ணாடி மெலிந்ததில் எடையும் குறைந்தது. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி மி.மீ. ஒன்றுக்கு 2.5 கிலோ, பழையது ஐந்தரைக் கிலோ, புதியது நாலு கிலோ சொச்சம்.

மெல்லிய பலகையில் கொடியின் தண்டு 4 மி.மீ. க்குக் குறைந்தால் கை பட்டாலே ஒடியும், அதனால் தண்டுகளைத் தடிமனாக்கினேன். மயிலின் கண் போலத் தனியாக நிற்கும் துண்டுகளுக்கு வழக்கமாக மற்ற மரத்தோடு இணைக்கும் ஒரு பாலம் விட்டாக வேண்டும். பின்னால் கண்ணாடி இருப்பதால் பாலம் வேண்டாம், துண்டைக் கண்ணாடி மேலேயே ஒட்டலாம். ஆனால் ஒட்டும் பொருளும் பிம்பத்தில் தெரியும். துண்டின் முதுகு முழுவதும் நிரம்பும்படி கறுப்பு டபுள் டேப் போட்டு ஒட்டினேன்.

வாள் 3-ஆம் எண், கடைசிச் சில பற்கள் தலைகீழாக இருக்கும் வகை. அந்தப் பற்கள் மேல்நோக்கி வரும்போது கீழ்முகத்தை வெட்டுவதால் பின்பக்கம் பிசிறு கிளம்புவது வெகுவாகக் குறையும். மற்ற வேலையில் இது வசதிக்கு. கண்ணாடி வேலையில் இது கட்டாயம். அறுக்கும்போது படம் வரைந்து ஒட்டும் காகிதத்துக்கு மேல் பேக்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் வாள் சூடேறி மரத்தைக் கருக்காது. அறுத்ததும் பலகையைக் குப்புறப் போட்டு, முன்முகத்துக்கு என்ன செய்வோமோ அதையே பின்முகத்துக்கும் செய்தேன்: மக்கு வைத்து அடுக்கு ஓட்டைகளை அடைத்து, 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசி தட்டி.

நிறத்தில் ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. பின்பக்கத்தையும் தேக்கு நிறத்திலேயே விட்டால் மரத்தின் கனம் இரட்டித்தது போலத் தெரியும். பருமனான வேலைக்கு அது அழகு. கொடி வேலைக்கு அது குழப்பம். அதனால் பின்முகத்துக்கும் உட்சுவருக்கும் பளபளப்பில்லாத கறுப்பு. உட்சுவருக்கு ஸ்பிரே சரியாகப் போகாது, ஸ்பிரிட் ஸ்டெயினைச் சிறு தூரிகையால் தொட்டுத் தொட்டுக் கொடுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் முடிந்ததும் ஒவ்வொரு இலையைச் சுற்றியும் மெல்லிய கறுப்புக் கோடு வரைந்தது போல ஒரு தெளிவு வந்தது. முன்முகத்துக்கு அடர்ந்த தேக்கு நிறம். கண்ணாடி எவ்வளவு பளிச்சோ, மரம் அவ்வளவு அடர்த்தியாக இருந்தால்தான் உருவம் பிரியும்.

கண்ணாடியில் பசை எதுவும் போடவில்லை. தேக்குச் சட்டத்தில் காடி எடுத்து, கீழே இரண்டு ரப்பர் கட்டைகள் மேல் கண்ணாடியை நிறுத்தி, சுற்றிலும் 3 மி.மீ. இடம் விட்டேன். விளிம்புகளைத் தேய்த்து, துடைத்து, எனாமல் பெயின்ட் இரண்டு கை. பின்னால் மெல்லிய ஃபோம், அதற்குப் பின் ஹார்டுபோர்டு. சட்டம் சுவரோடு ஒட்டாமல் சிறு கட்டைகள் மேல் நிற்கிறது. ஐப்பசி கார்த்திகையில் சுவர் ஈரம் கண்ணாடிக்கு ஏறாது, காற்றும் ஓடும்.

சட்டத்தின் மேற்பக்கத்தை 3 டிகிரி முன்னால் சாய்த்தேன். கண்ணாடி எவ்வளவு சாய்ந்தாலும் பிம்பம் அதன் இருமடங்கு நகரும். அந்த 6 டிகிரி, 4 மீட்டர் தூரத்தில் 42 செ.மீ. டியூப் லைட் பார்வையிலிருந்து மேலே போய்விட்டது. அதற்குப் பதில் கீழே உள்ள சுவர் தெரிகிறது. அதன் வெளிர் மஞ்சள் நல்லதாகப் போயிற்று.

விளக்கை நகர்த்தச் சம்மதம் வாங்குவதுதான் கடினமாக இருக்கும் என்று நினைத்தேன். "பழைய எடத்துலயே இருக்கட்டுமே" என்றுதான் அம்மா தொடங்கினார். விளக்கை ஒன்றரை அடி முன்னால் ஒரு மணை மேல் வைத்துக் காட்டினேன். பிம்பமும் ஒன்றரை அடி உள்ளே போயிற்று. ஒரே சுடர் பல இலைகளுக்குள் துண்டு துண்டாகத் தெரிந்தது. நாம் நகர்ந்தால் இலைக்கு இலை தாவியது. அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை, மணைக்குக் கோலம் போட மாவு எடுக்கப் போனார்.

மாற்று வழிகள்

அக்ரிலிக் கண்ணாடி வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு, உடைந்து சிதறாது, ஸ்க்ரோல் சாவிலேயே அறுக்கலாம். வேகத்தைக் குறைத்து அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாளுக்குப் பின்னால் உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். குழந்தைகள் அறைக்கும், சிறிய சுவர்ப் பலகைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். விளக்குக்குப் பக்கத்தில் கூடாது. வெப்பத்தில் இளகும், தீப்பிடிக்கவும் செய்யும். இரண்டு மூன்றடி அளவுக்கு மெல்லிய தகடு வளைந்து பிம்பத்தை நெளிக்கும். வெயிலில் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரியும், ஸ்குரூத் துளைகளைப் பெரிதாகப் போட வேண்டும். கீறலும் சீக்கிரம் விழும்.

பளபளப்பாக மெருகிட்ட ஸ்டீல் தகடு இன்னொரு வழி. முன்முகமே பிம்பம் காட்டுவதால் மேலே சொன்ன ஆழக் கணக்கில் கண்ணாடியின் பங்கு கழிந்துவிடும். வெப்பமும் தாங்கும். வெள்ளிப் பூச்சின் தெளிவு கிடைக்காது, சற்றே சாம்பல் நிறம் அடிக்கும். விளக்கைத் தள்ளி வைக்க இடமே இல்லாத பூஜை அலமாரிக்கு இதுதான் சரி.

இப்போதைய நிலை

பலகை பித்தளைத் திருகுகளில் நிற்கிறது. திருப்பினால் கண்ணாடியை விட்டுத் தனியாகக் கழன்று வரும். எண்ணெய் விளக்குப் புகையும், அதைவிடக் கற்பூரப் புகையும் இடைவெளிக்குள் கரியாகப் படியும், அதைத் துடைக்க வேறு வழியில்லை. உலர்ந்த துணி முதலில், பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த துணி. எதையும் நேராக அடிக்கக் கூடாது என்று சட்டத்தின் பின்னால் எழுதியே ஒட்டியிருக்கிறேன்.

ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகு போய்க் கழற்றிப் பார்த்தேன். விளிம்பு நான்கும் சுத்தம், பூச்சில் புள்ளி இல்லை. மயில்களின் கழுத்துக்கும் கொடிக்கும் நடுவே 6 மி.மீ. விட்ட மூலைகளில் மட்டும் கரி கூடுதலாகத் தங்கியிருந்தது. அங்கே காற்று ஓட்டம் குறைவு. இனி விளக்குக்கு முன் நிற்கும் பலகைகளுக்கு, கூர்மூலைகளை வட்டமாக்கி 8 மி.மீ. விட்டு வரைகிறேன்.